ஏற்கெனவே பதிவாகியுள்ளது

அந்த அலுவலகத்தில் முதலாளி முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் சாவியக்காதான். கதவுச் சாவியும் இல்லை, பீரோச் சாவியும் இல்லை. அவர்கள் செய்து விற்கிற ஒவ்வொரு செல்போன் செயலிக்கும் ஒரு சின்னக் கோப்பு உண்டு. அதை வைத்து முத்திரை குத்தினால்தான் இது இன்னார் செய்த செயலி என்று போன் நம்பும். அந்தக் கோப்புக்குச் சாவி என்று பெயர். தொலைந்தால் தொலைந்ததுதான், மாற்றுச் சாவி போட்டுக் கொடுக்கிற ஆள் உலகத்தில் எங்கும் கிடையாது. பதினெட்டு வருஷமாக அத்தனை சாவிகளையும் அவள்தான் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தாள்.

இரண்டு பென் டிரைவ்கள், ஒரு பிஸ்கட் டப்பா, அந்த டப்பாவுக்குள் ஒரு பழைய டைரி. ஒவ்வொரு சாவிக்கும் கைரேகை மாதிரி இருபது ஜோடி எழுத்தும் எண்ணும் உண்டு. அதைக் கைப்பட டைரியில் எழுதி வைத்திருப்பாள். கம்ப்யூட்டரை நம்புகிற வேலையில் இருந்துகொண்டு கம்ப்யூட்டரை நம்பாத ஒரே ஆள் என்று முதலாளி கிண்டல் செய்வார். வீட்டிலும் அப்படித்தான். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "உன்னைப் பாத்தா பூட்டே பயந்துபோய் தானாப் பூட்டிக்கும்" என்பார் அவள் கணவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத்தான் அது வந்தது.

தனியாக இருக்கும் வயதானவர்களுக்கான செயலி அது. தினமும் காலையில் ஒரு பட்டனை அமுக்கி 'நல்லா இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். வேண்டுமானால் கூட நாலு வார்த்தை பேசலாம், பேசியது எழுத்தாகிப் போகும். அமுக்காவிட்டால் நர்ஸ் வீட்டுக்கு வருவார். மூன்று வருஷம் கிடப்பில் கிடந்ததை, வீட்டுக்கே நர்ஸ் அனுப்பும் நிறுவனம் ஒன்று கேட்டு வாங்கியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை அறுபது பேருக்குத் தொடங்கியாக வேண்டும். மிச்சம் இருந்த வேலை ஒன்றே ஒன்று. பயனர்கள் தங்கள் மெயில் கணக்கால் உள்ளே நுழைய, செயலியைப் பதிவு செய்து கிளையண்ட் ஐடி என்று ஓர் அடையாள எண் வாங்க வேண்டும். செயலியின் பெயரையும் சாவியின் கைரேகையையும் கொடுத்தால் எண் வரும். இரண்டு நிமிஷ வேலை.

கொடுத்தாள். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது. இந்தப் பெயரும் இந்தக் கைரேகையும் ஏற்கெனவே பதிவாகியுள்ளன.

யார் பதிவு செய்தது, எந்தக் கணக்கில், எப்போது என்று ஒரு வார்த்தை இல்லை. ஆள் இருக்கிறது, யார் என்று சொல்ல மாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் நிற்பதைப் போல அந்த ஒரு வரி மட்டும் நின்றது.

டைரியைப் பார்த்து இருபது ஜோடியையும் சரிபார்த்தாள். அலுவலகத்தின் ஏழு கணக்குகளிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். எங்கும் இல்லை. பெயரை மாற்றிவிடலாம் என்றால், செயலிகளை விற்கிற இணையக் கடையில் செயலியின் பக்கம் அந்தப் பெயரில்தான் இருந்தது. அங்கே ஒரு தடவை வைத்த பெயரை மாற்ற முடியாது. பக்கத்து மேஜையில் படம் வரைகிறவர் எட்டிப் பார்த்தார். அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, பழைய கதை எதுவும் தெரியாது. "உங்க சாவி உங்ககிட்டதான் இருக்கு. நீங்க பண்ணலை. அப்போ பேய்தான் ரெஜிஸ்டர் பண்ணியிருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சாவியக்கா சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தச் சாவி பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு முறை அவள் கையை விட்டுப் போயிருக்கிறது. யாரிடம் போனது என்றும் அவளுக்குத் தெரியும்.

அவளுடைய தம்பியும் இதே அலுவலகத்தில்தான் இருந்தான். அந்தச் செயலியே அவன் யோசனை. அம்மா தனியாக இருக்க, அவன் வேலை வேலை என்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த சமயத்தில் அம்மாவுக்காகச் செய்ய ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் மேஜையில் வந்து உட்கார்ந்துகொண்டு, அக்கா, ஒரே ஒரு நாளைக்கு அந்தச் சாவியைக் கொடு, அம்மா போன்லயே போட்டுப் பாக்கறேன் என்றான். சோதனைக்கென்று வேறு சாவி இருக்கிறதே என்றாள். அதில் போட்டால் பின்னால் நிஜச் செயலி வரும்போது அம்மா போனில் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டும், அம்மாவுக்குக் குழப்பம் என்றான். வேறு யாராக இருந்தாலும் விரட்டியிருப்பாள். தம்பி ஆயிற்றே. பென் டிரைவை அவன் சட்டைப் பையில் அவளே போட்டாள். திங்கட்கிழமை திருப்பித் தந்துவிட்டான். அவளும் காதும் காதும் வைத்தாற்போல டப்பாவில் வைத்து மூடிவிட்டாள்.

அதற்கு ஐந்து மாதம் கழித்து, மழையில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தவன் மேல் ஒரு லாரி ஏறியது. அவனோடு அந்தச் செயலியும் நின்றுபோனது. அவன் நாற்காலியை மட்டும் அவள் யாருக்கும் கொடுக்க விடவில்லை. அதில் இப்போது பிரிண்டர் காகிதக் கட்டுகள் இருக்கின்றன.

அன்று அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் மத்தியானம் அரை நாள் லீவு போட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை, இரண்டாவது மாடி. அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கதவைத் திறக்கும்போதே யார், என்ன வேண்டும் என்கிற தோரணையில்தான் திறப்பாள். வேலை நாளில் வந்து நிற்கிற மகளை மேலும் கீழும் பார்த்தாள். தம்பியின் கணக்கைத் திறக்க அவன் போனுக்கு ஒரு குறியீட்டு எண் வரும், அது வேண்டும் என்றாள் மகள்.

"எடுத்துக்கோ. சார்ஜை மட்டும் கழட்டாதே" என்றாள் அம்மா.

அந்த போனை அம்மா மூன்று வருஷமாகச் சார்ஜிலேயே வைத்திருந்தாள். பாட்டரி உப்பி வெடித்துவிடும் என்று இவள் பலமுறை சொல்லியும் அசையவில்லை. பெற்ற வயிறு, எதையாவது பிடித்துக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தம்பியின் அறையில் படுக்கை விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. ஜன்னல் விளிம்பில் போன் இருந்தது. இவள் லேப்டாப்பில் எண் கேட்டதும் அது டிங் என்று அடித்து வெளிச்சம் போட்டது. கூப்பிட்டதும் எழுந்துவிட்ட மாதிரி இருந்தது. எண்ணைப் பார்த்து லேப்டாப்பில் அடித்தாள்.

கணக்கு திறந்தது. உள்ளே ஒரே ஒரு புராஜெக்ட். அதன் பெயர் 'அம்மா'. அதற்குள் அவள் தேடிய பதிவு இருந்தது: அதே பெயர், அதே இருபது ஜோடி, ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதி. ஆள் கிடைத்துவிட்டான். அழித்தால் தீர்ந்தது.

அழிக்குமுன் யாராவது பயன்படுத்துகிறார்களா என்று பார்ப்பது அவள் வழக்கம். பார்த்தாள். தினமும் ஒன்று. நேற்று ஒன்று, முந்தாநாள் ஒன்று. மூன்று வருஷத்துக்கு மேலாக, ஏறக்குறைய நாள் தவறாமல் ஒன்று. கடைசியாக இன்று காலை ஏழு நாற்பதுக்கு.

படம் வரைகிறவர் சொன்ன பேய் நினைவுக்கு வந்தது. இந்தத் தடவை அது கிண்டலாகத் தெரியவில்லை. செத்துப்போனவன் கணக்குக்குள் தினமும் காலையில் யார் வந்துபோகிறார்கள்? சேமித்து வைத்திருந்த செய்திகளைத் திறந்தாள்.

'நல்லா இருக்கேன்.' 'நல்லா இருக்கேன்டா, நீ சாப்பிட்டியா?' இப்படி ஐந்து மாதம். பிறகு பதினொரு நாள் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் நாள், 'நல்லா இல்லை.'

அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

'மழை வருது. குடை எடுத்துட்டுப் போனியான்னு கேக்க வந்தேன்.'

'நான் இங்க அமுக்கினா உன் ரூம்ல உன் போன் டிங்னு அடிக்குது. நீ ம்னு சொல்ற மாதிரி இருக்கு.'

'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். ஒரு மணி நேரம் எழுந்திருக்க முடியலை. உங்க அக்காகிட்ட சொல்லலை. சொன்னா பாத்ரூமையே பூட்டிடுவா.'

'உங்க அக்கா வந்தா. வாட்ச்சைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டா. அவளுக்கு ஆயிரம் வேலை. நல்லா இருக்கேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.'

'இடது கண்ணு மூணு மாசமாப் புகையாத் தெரியுது. டாக்டர் ஆபரேஷன்னு சொல்வார். எனக்கு பயமா இருக்குடா. உன் போட்டோவை வலது கண்ணால பாத்துக்கறேன்.'

இது போன வாரத்துச் செய்தி. போன ஞாயிற்றுக்கிழமைதான் அவள் இதே வீட்டில், இதே அம்மாவிடம், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாள். எனக்கென்ன, குத்துக்கல் மாதிரி இருக்கேன் என்றாள் அம்மா. உயிரோடு இருக்கிற மகளுக்குப் பொய், செத்துப்போன மகனுக்கு உண்மை. அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கமும் பொறாமையும்தான் வந்தன. இறந்தவன் மேல் பொறாமைப்படுகிற ஜென்மமும் உண்டா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அம்மா காபியோடு உள்ளே வந்தாள். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "கண்ணு இப்படி இருக்குன்னு ஏம்மா சொல்லலை?"

அம்மா லேப்டாப்பைப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் போனைப் பார்த்தாள். டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"முப்பது வருஷம் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். லைன் போட்டுக் குடுத்துட்டுக் காதை எடுத்துடணும். அதுதான் எங்களுக்கு முதல் பாடம். எத்தனையோ வீட்டுக் கதை, ஒண்ணு கேட்டதில்லை நான்."

"உனக்கு ஏதாவது ஆகியிருந்தா என்னம்மா பண்ணுவேன்?"

"அவன் படிக்க மாட்டான்னு தெரிஞ்சுதான்டி சொன்னேன். எனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அம்மா. "நீ படிப்பேன்னு தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்."

பிறகு இவள் வந்த காரியத்தைச் சொன்னாள். பதிவை அழித்தால் அம்மா போனில் இருக்கிற பட்டன் வேலை செய்யாது. அழிக்காமல் அந்தக் கணக்கையே அலுவலகத்துக்கு மாற்றலாம். மாற்றினால் அம்மா சொன்னதெல்லாம் அங்கே இருக்கிற அத்தனை பேர் கண்ணிலும் படும். அழிக்காமலே விட்டால் அறுபது பேருக்குத் திங்கட்கிழமை ஒன்றும் இல்லை. அம்மா முழுதும் கேட்டாள். அறுபது பேர் காத்திருக்கும்போது ஒருத்திக்காக லைனைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியுமா, அழித்துக்கொள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காபி ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது மகளுக்கு.

வியாழக்கிழமை அழித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்டது, ஆம் என்றாள். வெள்ளிக்கிழமை காலை மறுபடி பதிவு செய்தபோது இரண்டே நிமிஷத்தில் எண் வந்துவிட்டது. முதலாளி எப்படிச் சரி செய்தாய் என்று கேட்டார். பழைய டெஸ்ட் ஒன்று கிடந்தது சார், எடுத்துவிட்டேன் என்றாள். சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

சனிக்கிழமை அம்மா போனில் புதுச் செயலியைப் போட்டாள். அதே பட்டன், அதே இடம். செய்தி இனி மகள் போனுக்கு வரும். அம்மா தலையாட்டிக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஏழு நாற்பதுக்கு வந்தது. 'நல்லா இருக்கேன்.' திங்களன்று 'நல்லா இருக்கேன்.' அறுபது பேரும் அமுக்கினார்கள், நிறுவனம் பாராட்டிக் கடிதம் எழுதியது. செவ்வாய், புதன், வியாழன், 'நல்லா இருக்கேன்.' அந்தச் சொற்களுக்கு மேல் ஒரு சொல் இல்லை. கண்ணைப் பற்றிக் கேட்டால், அது சரியாகிவிட்டது என்றாள் அம்மா. டாக்டரிடம் போகலாம் என்றால், பார்க்கலாம் என்றாள். பேசிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். டம்ளருக்கு ஒரு விரற்கடை வெளியே ஊற்றினாள்.

இவள் எழுந்து தம்பியின் அறைக்குப் போனாள். படுக்கை சுருட்டப்பட்டிருந்தது. ஜன்னல் விளிம்பில் போன் இல்லை, இழுப்பறையில் செத்துக் கிடந்தது.

அன்று முதல் அந்தச் சத்தம் அவளைப் பிடித்துக்கொண்டது. லிப்ட் கதவு திறந்தால் டிங். பஸ்ஸில் யார் போனாவது அடித்தால் டிங். அடுப்படியில் கரண்டி தட்டினால்கூடத் திரும்பிப் பார்த்தாள். என்ன தேடுகிறாய் என்று கணவர் கேட்டார். லாரி கொன்றது ஒரு தடவை, நான் கொன்றது இன்னொரு தடவை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அவனை மட்டும் கொன்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மா வாய் திறந்து பேச இந்த உலகத்தில் இருந்த ஒரே இடத்தையும் அல்லவா இழுத்து மூடிவிட்டோம் என்பதுதான் அவளை அரித்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதே செயலியை எடுத்து வேறு பெயர் வைத்தாள். புதுச் சாவி செய்தாள். புதுக் கைரேகை வந்தது. தம்பியின் கணக்கிலேயே, 'அம்மா' புராஜெக்டிலேயே பதிவு செய்தாள். இந்தத் தடவை யாருடனும் மோதவில்லை. பிறகு, செய்திகளைப் பூட்டித் திறப்பதற்கென்று ஒரு ஜோடிச் சாவி செய்தாள். பூட்டுகிற சாவி அம்மா போனில் இருக்கும். திறக்கிற சாவியை அவள் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவள் அதை வைத்துக்கொள்ளவில்லை. பிஸ்கட் டப்பாவில் போடவில்லை, டைரியில் எழுதவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சாவியை, உண்டாக்கின கையோடு, அழித்தாள்.

சாயங்காலமே போய் அம்மா போனில் அதைப் போட்டுவிட்டுச் சொன்னாள். தம்பியின் போனில் மறுபடி டிங் என்று அடிக்கும். ஆனால் உள்ளே இருப்பதை அந்த போன் காட்டாது, யாராலும் திறக்க முடியாது. இன்றைக்கு ஒன்று வந்தது என்கிற எண்ணிக்கை மட்டும்தான் தனக்குத் தெரியும். பழைய செய்திகளையும், அன்றைக்குப் பார்த்ததற்கு மேல் படிக்காமல், அழித்துவிட்டேன் என்றாள்.

"திறக்கற சாவி உன்கிட்ட இருக்கும்ல?"

"இல்லம்மா. அழிச்சிட்டேன்."

"நீயா?" என்றாள் அம்மா. பிறகு மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "பூட்டை மூணு தடவை இழுத்துப் பாக்கறவ, நீயா?"

இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தாள். துடைத்தாள். ஜன்னல் விளிம்பில் வைத்துச் சார்ஜ் போட்டாள்.

மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு எண்ணிக்கை ஒன்று என்று மாறியது. அதற்கு மறுநாளும் ஒன்று. சாவியக்கா தினமும் அந்த ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள். ஒருநாள் எட்டு மணியாகியும் பூஜ்யமாகவே இருந்தது. பஸ்ஸை விட்டுவிட்டுத் தெருவிலேயே நின்றாள். போன் போடக் கை பரபரத்தது. போட்டால் காதை வைத்த மாதிரி ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள். எட்டு இருபதுக்கு ஒன்று வந்தது. வெகு நேரம் பேசியிருக்கிறாள் அம்மா. என்ன பேசினாளோ.

இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில், அலுவலகத்துக்குச் சீக்கிரம் வந்துவிட்டாள். யாரும் இல்லை. பிரிண்டர் காகிதக் கட்டுகளை நாற்காலியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தாள். முந்தின நாள்தான் அதே செயலியைத் தன் போனிலும் போட்டிருந்தாள். பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தம்பியிடம் பேசினாள். பென் டிரைவை அவன் சட்டைப் பையில் போட்ட சனிக்கிழமையில் ஆரம்பித்தாள். மீதியை நாமும் கேட்க வேண்டாம்.

ஐந்து நிமிஷத்தில் அம்மாவின் போன் வந்தது. காலையில் அம்மா கூப்பிடுகிற வழக்கமே இல்லை.

"அவன் ரூம்ல இன்னைக்கு ரெண்டு தடவை அடிச்சுது" என்றாள் அம்மா.

இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ என்ன சொன்னேன்னு கேக்க மாட்டேன்" என்றாள் அம்மா. "கண்ணு டாக்டர்கிட்ட என்னைக்குக் கூட்டிட்டுப் போற?"